போணி பார்த்த மேயர்

எங்கள் மாநகர சபையில் மேயரைப் பார்க்க இப்போது கைப்பேசியிலேயே நேரம் பதிந்துகொள்ள வேண்டுமாம். யார் முதலில் உள்ளே போவது என்பதை மெஷின் முடிவு செய்யுமாம். இதைச் சொல்லத்தான் போன வாரம், என் பழைய நாற்காலியில் இப்போது இருக்கிற பெண் எனக்கு ஃபோன் கோல் எடுத்தாள்.

"மிஸ், நீங்க இருந்தப்ப யார மொதல்ல உள்ள விடணும்னு யாரு முடிவு பண்ணுவாங்க?"

"நான்தான். வேற யாரு?" என்றேன்.

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கருப்பையா முதலாளி மேயராக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய அதிகாரம் கிடையாது. அந்தக் காலத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லித் திரிகிறார்கள். மேயர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் நானே எழுதிவிடுகிறேன். ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

என் பெயர் திலகவதி. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை, அம்மா கொழுந்து எடுத்தார். சனிக்கிழமைகளில் ரயிலேறிப் போய் டைப்ரைட்டிங் படித்தேன், சிங்களம் படித்தேன், பரீட்சை எழுதினேன், மாநகர சபையில் கிளார்க் ஆனேன். இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. என்னைப் பழக்கிய தலைமை கிளார்க் ஒன்றே ஒன்றை உருப்படியாகச் சொல்லிக் கொடுத்தார். மனு கொண்டு வருகிறவரை உட்கார வைத்துவிட்டுத்தான் கடிதத்தை வாங்க வேண்டும். நின்றபடி கொடுக்கிறவர் பாதி விஷயத்தைச் சொல்லாமலே போய்விடுவார். ஓய்வு பெறும் நாள்வரை அப்படித்தான் செய்தேன். நான்கைந்து மேயர்களுக்கு அந்தரங்கச் செயலாளராக இருந்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று எல்லோருமே சொன்னார்கள். ஆனாலும் என்னை மாற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை, ஏனென்றால் வேலை நடந்தது.

கருப்பையா முதலாளி மஸ்கெலியாவிலிருந்து லொறி கிளீனராக எங்கள் ஊருக்கு வந்தவர். கரட், லீக்ஸ், முட்டைக்கோவா என்று மரக்கறி மொத்த வியாபாரம் செய்து, பிறகு உருளைக்கிழங்கில் பெரிய ஆளாகி, பஜாரில் மளிகைக் கடையும் போட்டார். ஒரே ஒரு தவணைதான் மேயராக இருந்தார். அந்த ஒரு தவணைக்குள் மற்ற மேயர்கள் மொத்தமாக வாங்கிய திட்டையெல்லாம் தனியாளாக வாங்கினார். மேயர் ஐயா என்று யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அவர் முதலாளிதான்.

பதவியேற்ற முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் சபைக்கு வரவில்லை, கடை திறக்க வந்திருக்கிறார் என்று. செருப்பை வாசலில் கழற்றினார். அறை கூட்டியிருக்கிறதா என்று பார்த்தார். கையோடு கொண்டு வந்த போத்தலிலிருந்து வாசற்படியில் தண்ணீர் தெளித்தார். சாம்பிராணி போட்டார், அந்தப் புகையில் பக்கத்தில் நின்ற மாநகர ஆணையாளருக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு நாற்காலியைத் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்து, "ம், அனுப்புங்க மிஸ்" என்றார்.

முதலில் போனவர் ஒரு டெய்லர். வீட்டு வாசலில் கழிவுநீர்க் கான் உடைந்து தண்ணீர் தேங்குகிறது என்று மனு. முதலாளி அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார், "சரி" என்றார். அவ்வளவுதான். காரணம் கேட்கவில்லை, விசாரிக்கவில்லை. அடுத்து வந்தவரிடம் மட்டும் குறுக்குக் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினார். எனக்கு உடனே விளங்கியது. பஜாரில் வளர்ந்த யாருக்கும் விளங்கும். கடை திறந்ததும் நடக்கிற முதல் வியாபாரம் போணி. முதல் ஆளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால் அன்றைய நாளே கெட்டுப்போகும். நட்டத்துக்காவது கொடுத்து அனுப்புவார்களே தவிர இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆணையாளர் சிங்களவர், அவரிடம் போய்ச் சொன்னேன். "போணியா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர்கள் கடைகளிலும் அதே பழக்கம், அதே சொல்தான்.

வேறு விஷயங்களில் முதலாளி லேசில் ஏமாறுகிற ஆள் இல்லை. மெயின் ரோட்டில் நின்று ஊரையே அடைத்துக்கொண்டிருந்த மரக்கறி லொறிகளை ஊருக்கு வெளியே அனுப்பினார். இத்தனைக்கும் அதில் பாதி அவருடைய சொந்தக்காரர்களின் லொறி. அவர்கள் கோபத்தில் சபை வாசலில் கோவாவைக் கொண்டுவந்து குவித்துவிட்டுப் போனார்கள். முதலாளி இறங்கிப் போனார். குவியலைக் காலால் புரட்டிப் பார்த்தார். "இதுல பாதி நல்ல கோவா. ரெண்டு இலய உரிச்சுப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக் குசினிக்குக் குடுங்க" என்றார். அதோடு அந்தப் போராட்டம் முடிந்தது.

ஆனால் போணி விஷயம் வெளியே கசிந்துவிட்டது. மேயர் மனு வாங்குகிற பொதுமக்கள் தினத்தில் சபைக் கந்தோர் திறக்குமுன்பே வாசலில் அடிபிடி. எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் தன் மச்சானை முதல் ஆளாக அனுப்பி, சபையின் தண்ணீர் பவுசர் லொறியைக் கல்யாண வீட்டுக்கு ஒரு வாரம் வாங்கிக்கொண்டார். வாங்கியவர்களே போய், மேயர் சபைச் சொத்தை வாரிக் கொடுக்கிறார் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். இப்படியும் மனிதர்கள்!

அன்றைக்குத்தான் நான் அந்த வேலையைக் கையில் எடுத்தேன். வருகிற எல்லோரையும் விறாந்தையில் கிடந்த நீள வாங்குப் பலகையில் உட்கார வைப்பேன். ஒவ்வொரு மனுவாக வாங்கி வாசிப்பேன். கிளார்க்கே முடிக்கக்கூடியதை அந்தந்தப் பிரிவுக்கு அனுப்புவேன். சட்டச் சிக்கல் உள்ளது ஆணையாளருக்கு. மிச்சம் முதலாளிக்கு. அந்த மிச்சத்தில் யாருக்கும் கெடுதல் செய்யாத ஒரு மனுவைப் பார்த்து எடுத்து, அந்த ஆளை முதலில் உள்ளே விடுவேன். ஒரு சந்துக்குத் தெருவிளக்கு, மயானப் பாதைக்கு நாலு லோட் கல், பாடசாலை மதிலுக்குச் சுண்ணாம்பு. அவருக்குப் போணி ஆயிற்று, ஊருக்கும் ஒரு வேலை நடந்தது. வரிசையைக் குழப்புகிறாள் என்று என்னைத் திட்டியவர்கள் உண்டு. திட்டட்டும். இன்றைக்கும் எங்கள் ஊர்ச் சந்துகளில் விளக்கு எரிகிறதென்றால் நான் வரிசையைக் குழப்பியதால்தான் எரிகிறது.

முதலாளிக்கும் இது தெரியும். ஒரு நாள் பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே, "மிஸ், நீங்க அனுப்புற ஆளுகளுக்கு எல்லாம் நல்ல கைராசி" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இனித்தான் லயத்து விஷயம்.

சபையில் துப்புரவு வேலை செய்கிறவர்களுக்கு வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிக் கொடுத்த லயம் ஒன்று ஊருக்கு நடுவில் இருக்கிறது. தோட்டத்து லயம் மாதிரியேதான், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பிராக்கள். முப்பது குடும்பங்கள் மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். காணி சபையுடையது, அவர்கள் கையில் ஒரு துண்டு உறுதிப் பத்திரமும் கிடையாது. லயத்துக்கு முன்னால் ஜெகநாதன் என்பவரின் ஹோட்டல். ஹோட்டலுக்கு ஒரு பக்கம் மெயின் ரோடு, இன்னொரு பக்கம் நம் முதலாளியின் கிழங்கு ஸ்டோர், பின்பக்கம் இந்த லயம். ஜெகநாதனுக்கு ஆட்கள் வந்து குவிகிறார்கள், வேன் நிறுத்த இடம் இல்லை. லயத்துக் காணியைக் குத்தகைக்குக் கேட்டு இரண்டு தடவை என்னிடம் வந்தார். இரண்டு தடவையும் வாங்கின் கடைசியில் உட்கார வைத்தேன். முதலாளியும் இரண்டு தடவையும் முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

ஜெகநாதன் மூளைக்காரர். மூன்றாம் தடவை சபைக்கு வரவே இல்லை. முதலாளி மேயரான பிறகும் விடியக்காலையில் கடையைத் தன் கையாலேயே திறந்துவிட்டுத்தான் சபைக்கு வருவார். ஒரு நாள் கடையின் தகரக் கதவு பாதி ஏறும்போதே ஜெகநாதன் அங்கே நின்றிருக்கிறார். ஒரு கிலோ பருப்பு வாங்கியிருக்கிறார். பருப்புக்குக் காசு கொடுக்கும்போது காசோடு சேர்த்து மனுவையும் நீட்டியிருக்கிறார். முதலாளி இரண்டையும் ஒன்றாகக் கண்ணில் ஒற்றிவிட்டார். ஒற்றிய பிறகுதான் வாசித்தாராம்.

காலையில் அந்த மனுவை என் மேசையில் வைத்தார். ஓரத்தில் 'சம்மதம். சபைக்கு முன்வைக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது.

"எங்க வச்சு எழுதினீங்க முதலாளி?"

"கடையில."

"இது லயத்து எடம். முப்பது குடும்பம் இருக்கு."

"தெரியாமயா? குப்பமேட்டுக்கு அந்தப் பக்கம் சபைக் காணி சும்மாதானே கெடக்கு. அங்க வீடு கட்டிக் குடுப்போம்."

"நீங்க போய் இருப்பீங்களா அங்க?"

"போணி மிஸ். திருப்பி அனுப்பச் சொல்றீங்களா?"

"ஆமா."

சாமி அறையில் நின்று கெட்ட வார்த்தை பேசிவிட்டவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். மனுவை என் மேசையிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சபையில் அவருடைய கட்சிக்குத்தான் பெரும்பான்மை. கூட்டத்தில் வைத்தால் நிறைவேறிவிடும். நிறைவேறினால் மழைக்காலத்துக்கு முன் லயத்தை உடைத்துவிடுவார்கள்.

சேதி லயத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? சபைக் குப்பையை அள்ளுகிறவர்களுக்குத் தெரியாமல் சபையில் எதுவும் நடக்காது. பஜார் கூட்டுகிற கேங்குக்குத் தலைவி செல்லாயி. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டு நேரத்தில் எனக்கும் அவளுக்கும் நடக்காத சண்டை கிடையாது. மழைக்கோட்டு தரவில்லை என்று ஒரு தடவை என் மேசை மேலேயே நனைந்த விளக்குமாற்றை வைத்துவிட்டுப் போனவள். லயத்து இளவட்டங்கள் உடனே வேலைநிறுத்தம் என்று குதித்தார்கள். "இருங்கடா. கேட்டுப் பாக்காம எதுக்குக் குதிக்கிறீங்க?" என்று அடக்கிவிட்டு, அடுத்த பொதுமக்கள் தினத்தில் வந்து வாங்கில் உட்கார்ந்தாள்.

அவளைத்தான் முதல் ஆளாக உள்ளே விட்டேன். தெரிந்தேதான் விட்டேன், கூடவே நானும் உள்ளே போனேன்.

"உக்காருங்க ஆத்தா" என்றார் முதலாளி.

"உக்கார வரல மொதலாளி. லயத்த ஒடைக்க மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போயிர்றேன்."

முப்பது வீட்டுக்காரரும் கையெழுத்துப் போட்ட மனுவை நீட்டினாள். அவர் வாங்கினார். கை பாதி தூரம் ஏறியது, கண் வரைக்கும் போகவில்லை. அப்படியே மேசையில் வைத்தார்.

"வேற ஏதாச்சும் கேளுங்க ஆத்தா. கூரைக்குப் புதுத் தகரம், வீட்டுக்கு ஒரு தண்ணி பைப்பு, கக்கூஸ்… எது வேணும்னாலும் கேளுங்க. இப்பவே சரிங்கிறேன்."

"தகரத்தப் போட்டுட்டு ஒடைப்பீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கஷ்டப்பட்டு அடக்கினேன்.

"நல்ல வீடு கட்டித் தாறேன் ஆத்தா. காத்தோட்டமா."

"குப்பமேட்டுல காத்து எப்புடி இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்கதானே தெனம் கொண்டுபோய்க் கொட்டுறோம்." அவள் குரல் ஏறியது. "நீங்க கடயத் தொறக்க முந்தி ஒங்க கட வாசலக் கூட்டி வக்கிறது யாரு? மழயோ பனியோ, ஒரு நாள் வராம இருந்திருக்கோமா? பக்கத்துல இருக்கோம், வந்துர்றோம். அங்க போயிட்டா அந்த இருட்டுல பொம்பளைங்க எப்புடி நடந்து வாறது? வரமாட்டோம்னு சொல்லல மொதலாளி. வர முடியாது."

முதலாளி அந்த மனுவை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார். செல்லாயி அதைப் பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து முதல் ஆள் வெறுங்கையோடு போனது அதுதான் முதல் தடவை.

கதவைச் சாத்தினதும் என் மேல் பாய்ந்தார்.

"நீங்கதானே வேணும்னு மொதல்ல அனுப்புனீங்க?"

"ஆமா முதலாளி."

"ரெண்டு பேருக்கும் எப்புடிச் சரிங்கிறது? அவனுக்குக் கண்ணுல ஒத்திக் குடுத்த வார்த்த அது. இந்தத் தொழில்ல எங்கிட்ட வேற என்ன இருக்கு? வார்த்த ஒண்ணுதான். கிளீனரா வந்தவனுக்கு லொறிய நம்பிக் குடுத்தாங்கன்னா அதுக்காகத்தான் குடுத்தாங்க."

நானும் விடவில்லை. "ஒங்க கடைக்கு ஒருத்தர் வந்து, எதுத்த கடைச் சாமான எடுத்துப் போணி பண்ணுங்கன்னு கேட்டா, போய் எடுத்துக் குடுத்துருவீங்களா?"

"வெளிய போங்க மிஸ்."

போனேன். வாங்கில் அத்தனை பேர் காத்திருந்தார்கள். வெகு நேரம் யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. என்னை எங்காவது பிறப்புப் பதிவுப் பிரிவுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். போடட்டும் என்றும் நினைத்தேன். சொன்னதற்காக ஒரு நிமிஷமும் வருந்தவில்லை. பயம் எனக்கு லயத்தை நினைத்துத்தான் இருந்தது.

சபைக் கூட்ட நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. பார்வையாளர் பகுதியின் முன்வரிசையில் ஜெகநாதன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் செல்லாயியும் லயத்துப் பெண்களும் வேலைக்குப் போடுகிற சபைக் கோட்டுகளோடு நின்றார்கள். நான் வழக்கம்போல முதலாளிக்குப் பின்னால் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். ஆணையாளர் குத்தகை விஷயத்தை வாசித்தார்.

முதலாளி எழுந்தார். "இதுக்கு நான் சம்மதம்னு எழுதியிருக்கேன். அந்தச் சம்மதத்த வாபஸ் வாங்குறேன்" என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

அடேயப்பா, அந்தச் சத்தம்! அவருடைய கட்சிக்காரர்கள்தான் அதிகம் கத்தினார்கள். குத்தகையைக் கொடுத்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து அவர்களுக்கு ஏற்கெனவே கோல் வந்திருந்தது. அவர்களில் ஒருவர் எழுந்து, மேயர் விட்டால் நான் முன்மொழிகிறேன் என்றார். வாக்கெடுப்புக்குப் போனது. முதலாளி அதில் கை தூக்கவில்லை. அவரைப் பவுசர் திருடன் என்று மேடை போட்டுத் திட்டிய எதிர்க்கட்சிக்காரர்கள் லயத்தின் பக்கம் நின்றார்கள். அவருடைய கட்சியிலும் இரண்டு பேர் தலையைக் குனிந்தபடி அந்தப் பக்கம் கை தூக்கினார்கள். ஆணையாளர் எண்ணினார். திரும்ப எண்ணினார். சரிசமம்.

சரிசமம் என்றால் மேயருடைய வாக்குத்தான் முடிவு. ஆணையாளர் முதலாளியைப் பார்த்தார். மண்டபமே பார்த்தது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். முதலாளி ஜெகநாதனை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையை எடுக்காமலே, குத்தகைக்கு எதிராகக் கையைத் தூக்கினார்.

"முருகா!" என்று பின்னாலிருந்து செல்லாயி போட்ட சத்தத்தில் எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சபையில் சத்தம் போடக் கூடாது என்று ஆணையாளர் சொல்ல வேண்டும். அவர் கொஞ்சம் பிந்தித்தான் சொன்னார்.

விறாந்தையில் ஜெகநாதன் வழியை மறித்தார். அவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணே, கண்ணுல ஒத்தி வாங்குன கடுதாசிண்ணே அது. வியாபாரி வார்த்த மாறலாமா? நாளைக்கு இந்தப் பஜார்ல ஒங்கள யாரு நம்புவா?"

"மாறக் கூடாது தம்பி" என்றார் முதலாளி. "நான் குடுத்த வார்த்தைக்கு என் சாமானத்தான் குடுக்கணும். அடுத்தவங்க சாமானத் தூக்கிக் குடுக்கப் பாத்தேன். அதுதான் பிழை."

சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு சாவியாகத் தள்ளி, ஒன்றை மட்டும் நகத்தால் நெம்பிக் கழற்றினார். "வேன் நிறுத்த எடம்தானே கேட்டீங்க? நம்ம கெழங்கு ஸ்டோர எடுத்துக்குங்க. ஒங்க மதில ஒட்டித்தானே இருக்கு. சபைக்குக் கட்டுறதா இருந்த குத்தகய எனக்குக் கட்டுங்க."

"வெளையாடுறீங்களாண்ணே?"

"போணியில வெளையாட்டு ஏது தம்பி?"

ஜெகநாதன் அந்தச் சாவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார். வாங்காமல் விடுவாரா?

மறுநாள் காலையில், லயத்துக் காணியை அங்கே இருப்பவர்களுக்கே உறுதி எழுதிக் கொடுப்பதற்கான பிரேரணையை டைப் செய்துகொண்டிருந்தேன். முதலாளிதான் வந்ததும் வராததுமாக எழுதச் சொன்னார். கதவைத் தள்ளிக்கொண்டு அவருடைய மூத்த மகன் வந்தான். கிழங்கு வியாபாரம் முழுவதையும் பார்த்துக்கொள்கிறவன். தலையெல்லாம் சாக்குத் தூசி.

"எங்கப்பாவுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா மிஸ்? கெழங்கு மூட்டையெல்லாம் வீட்டு ஹோல்ல அடுக்கச் சொல்றாரு! அம்மா அழுறாங்க. லயத்துக்காரங்களுக்காக யாராச்சும் சொந்த ஸ்டோரத் தூக்கிக் குடுப்பாங்களா?"

"உக்காரு தம்பி" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "சொல்லுங்க மிஸ், இவரெல்லாம் ஒரு வியாபாரியா?"

"இந்த ஊர்ல அவர் ஒருத்தர்தான் தம்பி வியாபாரி" என்றேன். "மத்தவங்க எல்லாம் சும்மா விக்கிறவங்க."